எழுதிப் பழக ஓர் இடம்

தமிழில் திருநர் எழுதிய நூல்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் ஒன்று சட்டெனக் கண்ணில் படும். 2004இல் ரேவதி தொகுத்த ‘உணர்வும் உருவமும்’ திருநங்கையரின் வாழ்க்கைக் கதைகள். 2007இல் வந்த லிவிங் ஸ்மைல் வித்யாவின் நூல் தன்வரலாறு. ரேவதியின் ‘வெள்ளை மொழி’யும் தன்வரலாறுதான்; தமிழில் எழுதப்பட்ட அந்நூல் வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் 2010இல் பெங்குயின் வெளியீடாக முதலில் ஆங்கிலத்தில் வந்து, அதன் பிறகே தமிழ் வாசகர் கைக்குக் கிடைத்தது. பிரியா பாபுவின் ‘மூன்றாம் பாலின் முகம்’ நாவலும் கல்கி சுப்பிரமணியத்தின் ‘குறி அறுத்தேன்’ கவிதைகளும் வேறு வடிவங்களைக் கையாண்டவை. ஆனால் அவற்றையும் நாம் பெரும்பாலும் வாழ்க்கைச் சாட்சியமாகவே வாசித்தோம். இந்த நூல்கள் வந்திராவிட்டால், சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’ போல வெளியிலிருந்து பரிவோடு எழுதப்பட்டவற்றையே நாம் இன்னும் நம்பியிருப்போம். அவற்றின் பெறுமதியில் எனக்கு ஐயமில்லை. ஆனால் திருநர் ஒருவரிடம் தமிழ்ப் பதிப்புலகம் திரும்பத் திரும்பக் கேட்டது அவருடைய சொந்தக் கதையைத்தான். துப்பறியும் கதையோ, அண்ணன் தம்பி நிலத்தகராறோ, ஏரி மனையாகிப்போன ஊரின் கதையோ எழுதித் தாருங்கள் என்று கேட்டவர்கள் அரிது. ஆகவே இன்று மேடையைவிட அவசரத் தேவை, எழுதிப் பழகும் இடம் என்பதே என் வாதம். அரைகுறையாக எழுதியதைக் கூச்சமின்றிக் காட்டவும், அடித்துத் திருத்தவும், மறுபடி எழுதவும் ஓர் இடம். தமிழ்நாட்டின் இன்றைய சூழலில் அது முதலில் இணையத்தில்தான் அமைய முடியும்.

அதற்கான அடித்தளம் ஏற்கெனவே உண்டு. 2003இல் சென்னையில் உருவான ஓரினம் அமைப்பு, தமிழிலும் ஆங்கிலத்திலும் பால்புதுமையினரின் கவிதைகளையும் கட்டுரைகளையும் வெளியிட்டு வந்திருக்கிறது. குயர் சென்னை க்ரானிக்கிள்ஸ் என்ற குழு 2018இல் ஓர் இலக்கிய விழாவையே தொடங்கியது. வித்யாவும் தோழர்களும் பன்மை நாடகக் குழுவை நடத்தினார்கள். இவை எல்லாமே முடிந்த படைப்பை உலகுக்குக் காட்டிய முயற்சிகள். முடியாத படைப்பை யாரிடம் காட்டுவது? சென்னைப் புறநகரான காட்டாங்குளத்தூரை எடுத்துக்கொள்வோம். இங்கே எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக வளாகத்தில் இயங்கும் தமிழ்ப் பேராயம் கவிதைக்கும் புனைகதைக்கும் விருது வழங்குகிறது. பொத்தேரி நிலையத்தில் மின்ரயிலிலிருந்து இறங்குவோரில் கணிசமானவர்கள் மாணவர்கள். ஆனால் எழுத்தாளர்கள் கூடிப் பேசும் கூட்டங்கள் மயிலாப்பூரிலும் கே.கே. நகரிலும் மாலை ஆறு மணிக்குத்தான் தொடங்குகின்றன. முடிந்து தாம்பரம் வந்து, செங்கல்பட்டு வண்டிக்குக் காத்திருந்து வீடு சேர இரவு பத்தாகும். மற்றவர்களுக்கு அது அலுப்பு, அவ்வளவுதான். திருநங்கைக்கோ நடைமேடையில் நிற்கும் அந்த அரை மணி நேரமே ஒரு சோதனை. வீட்டில் இன்னும் எதையும் சொல்லாத திருநம்பி மாணவர், எங்கே போனாய் என்ற கேள்விக்கு ஒரு பொய்யைத் தயாரித்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். ஒரு கவிதையை வாசித்துக் காட்ட இவ்வளவு விலையா?

அதற்காக ஜூம் இணைப்பை அனுப்பிவிட்டால் கதவு திறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்த கணமே ஒருவரின் கைப்பேசி எண் மற்ற உறுப்பினர் எல்லோருக்கும் தெரிந்துவிடும். குடும்பத்துக்கு அஞ்சி ஊர் மாறி வாழ்பவருக்கு அது சின்ன விஷயம் அல்ல. காணொளிக் கூட்டத்துக்குள் நுழைந்தால், கல்லூரிக் கணக்கில் பதிவான பழைய பெயர் திரையில் பளிச்சென்று வந்து நிற்கும். அவர் வாய் திறக்கும் முன்பே அந்தப் பெயர் பேசிவிடுகிறது. பெயரை மாற்றி நுழைவது எப்படி என்று முன்கூட்டியே சொல்லிக்கொடுப்பதும், கேமராவை அணைத்து வைக்க யாரிடமும் காரணம் கேட்காமல் இருப்பதும் குழு நடத்துபவரின் முதல் கடமைகள். இன்னொன்று, எழுத்தறிவு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் அல்லாதோராகப் பதிவானவர்கள் 4,87,803 பேர். அவர்களின் எழுத்தறிவு விகிதம் 56 விழுக்காடு, நாட்டின் சராசரியோ 74. பள்ளியிலிருந்து விரட்டப்பட்டவரிடம் தட்டச்சு செய்த பக்கங்களைக் கேட்கும் குழு, யாருக்காக இருக்கிறதோ அவர்களையே வெளியே நிறுத்துகிறது. கூகுளில் தமிழைப் பேசியே எழுதும் வசதி 2017இல் வந்துவிட்டது. குரல்பதிவாக வரும் கதையை எழுத்தாக்கி, அதை அனுப்பியவருக்கே வாசித்துக் காட்டி, அவர் சொல்லும் திருத்தத்தைச் சேர்ப்பது நடக்கக்கூடிய வேலை. சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வது நம் எழுத்தாளர்களுக்குப் புதிதும் அல்ல. ரேவதியின் 2016 ஆங்கில நூல் அவர் சொல்ல, நந்தினி முரளி எழுதி உருவானதுதான். அதில் திருநம்பிகளின் கதைகளும் இடம்பெற்றன.

இப்படித் தனிக்குழு அமைப்பது அவர்களை ஒதுக்கி வைப்பதாகாதா என்று நல்லெண்ணத்தோடு கேட்பவர்கள் உண்டு. தமிழ் நவீன இலக்கியம் வளர்ந்ததே சிறு குழுக்களில்தான். 1959இல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ இதழைத் தொடங்கியபோது அதன் வாசகர் வட்டம் மிகச் சிறியது. புதுக்கவிதை அங்கேதான் வேர்பிடித்தது. நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒரே பிரதியை எழுதிக் கைமாற்றிய கையெழுத்துப் பத்திரிகைகளில் கைப்பழக்கம் பெற்றவர்கள் எத்தனை பேர்! இணையக் குழு அந்தக் கையெழுத்துப் பத்திரிகையின் இன்றைய வடிவம். அமெரிக்காவில் திருநங்கை எழுத்தாளர் டோரி பீட்டர்ஸ் 2016 வாக்கில் தம் குறுநாவல்களைத் தாமே வெளியிட்டார். திருநங்கை வாசகர்களையே மனதில் வைத்து எழுதப்பட்டவை அவை. அவருடைய நாவல் 2021இல் பிரிட்டனின் பெண்கள் இலக்கியப் பரிசுக்கான நெடும்பட்டியலில் இடம்பெற்றது. தன் ஆட்களுக்காக எழுதத் துணிந்தது பொதுவாசகரை அவரிடமிருந்து விரட்டிவிடவில்லை.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. ஆதரவுக் குழுவில் எல்லாமே ‘அருமை தோழி’யில் முடிந்துவிடும், எழுத்து வளராது என்பது அது. நியாயமான கவலை. ஆனால் ஒருவரின் வாழ்க்கையை மதிப்பதும் அவரது மூன்றாம் பத்தியை வெட்டச் சொல்வதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. இது உண்மையாக நடந்ததா என்று கேட்கக் கூடாது, இந்தக் கதை இங்கே நிற்கிறதா என்று மட்டும் கேட்கலாம் என ஒரு விதி வைத்தால் போதும். விமர்சனம் தானே ஒழுங்குக்கு வந்துவிடும். பொதுக்கூட்டங்களில் திருநருக்குக் கிடைக்கும் கைத்தட்டலில்தான் உண்மையில் விமர்சனம் இல்லை. அங்கே எழுத்தை யாரும் கவனிப்பதில்லை. எழுதியவரின் துன்பத்துக்கே கை தட்டுகிறார்கள். வீடும் வேலையும் இல்லாதவருக்குக் கவிதைப் பட்டறை எதற்கு என்றும் கேட்கிறார்கள். வீடும் வேலையும் அரசு தர வேண்டியவை, அதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. ஆனால் வயிறு நிறையும்வரை எழுதக் காத்திரு என்று தமிழில் வேறு எந்த ஏழை எழுத்தாளரிடமும் நாம் சொன்னதில்லை.

தேவையானவை பெரிய தொகைகளும் அல்ல. மாதம் இரண்டு மாலைகள், நடத்துபவருக்கும் செம்மையாக்குபவருக்கும் ஊதியம், பங்கேற்பவருக்கு டேட்டா கட்டணம். காட்டாங்குளத்தூரிலும் தாம்பரத்திலும் உள்ள கல்லூரித் தமிழ்த்துறைகளால் இதை அடுத்த பருவத்திலேயே தொடங்க முடியும். குழுவின் நிர்வாகம் மட்டும் திருநர் கையிலேயே இருக்க வேண்டும். இதழாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஏப்ரல் 15, திருநங்கையர் நாள் வரும்போது மட்டும் அவர்களிடம் அனுபவக் கட்டுரை கேட்பதை விடுங்கள். பொங்கல் மலருக்கும் தீபாவளி மலருக்கும் சிறுகதை கேளுங்கள். சரியில்லையென்றால் திருத்தி அனுப்பச் சொல்லுங்கள். அச்சிட்டால் மற்றவர்களுக்குத் தரும் அதே சன்மானத்தைத் தாருங்கள்.