பழம் புகைவண்டிப் படங்களில் உரிப்பொருள்

செய்யுளை ஆராய்வோர் முதல், கரு, உரி என்னும் மூன்றையும் நோக்குவர். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துக்குரிய உயிர்களும் கருவிகளும் தொழில்களும் கருப்பொருள். மாந்தரின் ஒழுக்கமும் உணர்வும் உரிப்பொருள். இவற்றுள் ஒன்றைவிட மற்றொன்று சிறக்க, உரிப்பொருளே தலைசிறந்தது என்பது இலக்கண நூலார் கொள்கை. சிங்கப்பூரில் ஆர்வலர் தேடிச் சேர்த்துத் தம்முள் பகிர்ந்துகொள்ளும் பழைய கறுப்பு வெள்ளைப் புகைவண்டிப் படங்களுக்கும் இவ்வளவுகோல் பொருந்தும்.

முதற்பொருளைக் காப்பதில் இப்படங்களுக்கு இணையில்லை. 1903இல் இத்தீவில் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1932 மே மாதத்தில் தஞ்சோங் பகார் நிலையம் எழுந்தது. 2011 ஜூன் 30ஆம் நாள் அங்கிருந்து கடைசி வண்டி புறப்பட்டது. தண்டவாளங்களின் பெரும்பகுதி அகற்றப்பட்டு, அவ்வழி இன்று 24 கிலோமீட்டர் நீளப் பசுமைப் பாதையாகிவிட்டது. பாதையில் நடக்கும் மாணவன் வண்டி ஓடிய காலத்தைக் கண்ணால் காண்பதற்குப் படமே துணை.

கருப்பொருளிலும் குறையில்லை. எஞ்சினின் வகை, எண், சக்கர அமைப்பு, அதனைக் கட்டிய தொழிற்சாலை ஆகியவற்றைச் சேகரிப்போர் நுட்பமாக அறிவர். எண் தெளிவாகத் தெரிகிறதா, இயங்கு தண்டுகளின்மேல் வெயில் விழுந்திருக்கிறதா, புகை எஞ்சினை மறைக்காதிருக்கிறதா என்றெல்லாம் பார்த்தே படத்தை மதிப்பிடுவர். இந்நுண்மை பாராட்டுக்குரியது.

உரிப்பொருளின் நிலை என்ன? எஞ்சினருகே சம்மட்டியுடன் ஒருவர் நிற்பார்; நடைமேடையில் கொடியேந்தி ஒருவர் நிற்பார். எஞ்சினுக்கு எண் எழுதப்பட்டிருக்கும். மனிதருக்குப் பெயர் இராது. மலாயா இருப்புப்பாதையில் யாழ்ப்பாணத் தமிழர் பலர் எழுத்தராகவும் நிலைய அதிபராகவும் பணியாற்றினர். தமிழகத்திலிருந்து வந்தோர் பாதை அமைத்தும் செப்பனிட்டும் உழைத்தனர். தஞ்சோங் பகார் நிலையம் திறக்கப்பட்ட அதே 1932இல், குவீன்ஸ்வேப் பகுதியில் புகைவண்டித் தொழிலாளர் முனீஸ்வரனுக்குச் சிறு கோயில் எழுப்பினர். இடம் மாறிய அக்கோயில் இன்று காமன்வெல்த் டிரைவில் உள்ளது. நிலையத்தின் முகப்பில் வேளாண்மை, வணிகம், போக்குவரத்து, தொழில் ஆகிய நான்கும் சலவைக்கல் உருவங்களாக நிற்கின்றன. தொழிலின் உருவம் படத்தில் பதிந்தது. தொழிலாளியின் பெயர் பதியவில்லை.

இதனைப் படம் பிடித்தோர் குறையென்று மட்டும் கூறிவிட முடியாது. மனிதர் படத்தில் இருக்கின்றனர். படத்தைப் படிப்போரே அவரைக் கடந்து எஞ்சினுக்குச் செல்கின்றனர். படிக்கும் முறையில் மாற்றம் வேண்டும்.

படமே இல்லாத இடத்தில் இழப்பு இன்னும் பெரிது. 1942-43இல் ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா பாதையில் தமிழர் பல்லாயிரவர் மாண்டனர். சிங்கப்பூரில் சிறைப்பட்ட ஆஸ்திரேலியப் படைவீரர் ஜார்ஜ் ஆஸ்பினால் மறைத்து வைத்திருந்த கேமராவால் தம் தோழர்களின் நிலையைப் படம் பிடித்தார். உயிருக்கு அஞ்சாது எடுத்த அப்படங்கள் கைதிகளின் துன்பத்துக்குச் சான்றாயின. தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்க்கு அத்தகைய ஆஸ்பினால் ஒருவர் வாய்க்கவில்லை.

ஆதலின், எஞ்சிய ஒவ்வொரு படமும் ஒரு சுவடியாகக் கருதத்தக்கது. ஏட்டின் இறுதியில் எழுதியவர் பெயரும் காலமும் குறிப்பது பண்டை வழக்கம். படத்தின் பின்புறமும் அத்தகையதே. பகிரும்போது முன்புறத்தை மட்டும் படியெடுத்தால், அங்குள்ள குறிப்புகள் அறுந்துபோகும். இரு புறத்தையும் படியெடுத்தல் நலம். புதுக்குறிப்பை மையால் எழுதாது மென்மையான பென்சிலால் எழுதுக. மை ஊறிப் படத்தைக் கெடுக்கும்.

தமிழாசிரியர் இதனை ஒரு வகுப்புப் பயிற்சியாக்கலாம். மாணவர் ஒரு படத்தை எடுத்து முதலும் கருவும் உரியும் பிரித்து எழுதட்டும். பின்னர்ச் சிராங்கூன் சாலையிலோ தம் இல்லத்திலோ உள்ள முதியவரிடம் அதனைக் காட்டி, நிற்பவர் யார், உடன் உழைத்தோர் யாவர் என்று கேட்கட்டும். 2015இல் கேம்பல் லேனில் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம் போன்றவை பொருளைக் காக்கும். பெயரை அறிந்தோர் உள்ளபோதே அதனைக் கேட்டு எழுதுதல் தமிழ் கற்போர் கடனாகும்.