பாம்படமும் சேகரிப்பாளரும்: அணிகலன் ஆய்வு பற்றிய சில குறிப்புகள்

பழைய அணிகலன்களைச் சேகரித்தலும் அவைபற்றி எழுதுதலும் கடந்த சில தசாப்தங்களில் மேனாடுகளில் தனியொரு துறையாகவே வளர்ந்துள்ளன. 'இனக்குழு அணிகலன்' என்பது அத்துறையினர் வழங்கும் பெயர். 1988இல் பிரித்தானிய நூதனசாலையின் வெளியீடாக ஜோன் மாக் பதிப்பித்த நூல் இத்தொடரையே தலைப்பாகக் கொண்டிருந்தது. ஐரோப்பிய மன்னரின் முடியும் பதக்கமும் இப்பெயருக்குள் அடங்குவதில்லை. ஆசிய, ஆபிரிக்கக் கிராமத்துப் பெண்களின் காதிலும் கழுத்திலும் காலிலும் கிடந்தவையே பெரும்பாலும் அடங்குகின்றன. பெயரிடுதலிலேயே ஒரு நோக்குநிலை உறைந்துள்ளது. அதன் இயல்பைப் பொதுப்பட உரைப்பதிலும் ஒரு பொருளை முன்வைத்து ஆராய்வதே பயனுடைத்து. தென்தமிழகத்துப் பாம்படத்தை நாம் எடுத்துக்கொள்வோம்.

மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பகுதிகளின் உழைக்கும் சாதிப் பெண்கள் பலர் அண்மைக்காலம் வரை அணிந்த காதணி அது. தண்டட்டி, முடிச்சு, பூடி என்பன அதனோடு உடன்வைத்து எண்ணப்படுவன. சிறுமிப் பருவத்திலேயே காது குத்தி, பஞ்சும் ஓலைச்சுருளும் இட்டுப் பின்னர் ஈயக் குணுக்கின் பாரத்தால் சோணையைத் தோள்வரை வடியச் செய்வர். அதன் பின்னரே பாம்படம் ஏறும். மெல்லிய பொற்றகட்டை உருண்டையும் கனசதுரமும் கூம்புமாக வளைத்து, உள்ளே அரக்கு நிரப்பிச் செய்யப்படும் இவ்வணி, சேகரிப்பாளர் கண்ணுக்கு நவீன சிற்பமாகத் தோன்றுகின்றது. கியூபிசத்தை முன்னறிவித்த வடிவம் என வியப்போரும் உளர். அந்த வியப்புப் பொய்யன்று. பெயர் அறியப்படாத பொற்கொல்லனின் வடிவஉணர்வு உண்மையிலேயே அபாரமானது. ஆனால் அவ்வடிவத்துக்குப் பாரிசு நகரத்து ஓவியர் வந்து சான்றிதழ் வழங்கவேண்டியிருப்பது ஏன் என்று கேட்கத் தோன்றுகின்றது.

அணிந்தவளுக்கு அது முதற்கண் எடை. மழை பொய்த்த ஆண்டில் அடைவு வைக்கப்படுவதும், மகளின் திருமணத்தின்போது உருக்கப்படுவதும், சாவின்பின் பெண்மக்களிடையே பங்கிடப்படுவதும் அதுவே. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு தமிழ்நாட்டில் 1989இலேதான் சட்டமாயிற்று. நிலம் ஆண்வழி சென்ற சமூகத்தில், பெண் தன்னுடையது என்று சொல்லக்கூடிய சொத்தைத் தன் உடலிலேயே சுமந்தாள். 2023இல் வெளிவந்த 'தண்டட்டி' என்னும் திரைப்படம் இதனை நன்கு உணர்ந்திருந்தது. இறந்த கிழவியின் காதணி காணாமற்போக இழவு வீடே நிலைகுலைவதுதான் அதன் கதை. ராம் சங்கையாவின் அப்படத்தில் நகைச்சுவை சில இடங்களில் மிகைபட்டுவிடுகிறது எனினும், ஒரு நகை எத்தனை உறவுகளின் முடிச்சு என்பதைப் பல நூற்பட்டியல்களிலும் தெளிவாக அது காட்டிவிடுகின்றது.

இருபதாம் நூற்றாண்டின் போக்கில் வடிந்த காது நாகரிகக் குறைவின் அடையாளமாயிற்று. இளையோர் பலர் காதை அறுத்துத் தைத்துக்கொண்டனர். பாம்படம் உலைக்குச் சென்றது. தப்பியவை வணிகர்வழி நூதனசாலைகளையும் தனியார் பேழைகளையும் அடைந்தன. இங்கே ஒரு முரணை ஒப்புக்கொள்ளல் வேண்டும். நகைக்கடைக்காரன் எடைக்கு மட்டுமே விலை கொடுத்தான். வடிவத்துக்கு விலை கொடுத்தவர் சேகரிப்பாளரே. அவர் இல்லையேல் இன்று நாம் ஆராய்வதற்குப் பல வடிவங்கள் எஞ்சியிரா. எனினும், உருக்கியவளைப் பண்பாட்டுணர்வு அற்றவள் எனக் குறைகூறும் தொனி இவர்தம் எழுத்துகளில் இடையிடையே ஒலிப்பதை நாம் ஏற்பதற்கில்லை. அவள் அதனைச் செய்வித்ததே தேவைப்பட்டபோது உருக்குவதற்காகத்தான்.

மற்றொரு மௌனம் உழைப்பைப் பற்றியது. '19-20ஆம் நூற்றாண்டு, தமிழ்நாடு, பொன், அரக்கு' என்பதோடு விளக்கச்சீட்டுகள் முடிந்துவிடுகின்றன. 1997இல் வெளிவந்த இந்திய மரபு அணிகலன்கள் பற்றிய ஒப்பி அன்ட்ராக்டின் பெருநூல் இதற்கு ஓரளவு விதிவிலக்கு. அவர் தாமே உலோகக் கைவினைஞராதலின் செய்முறையில் அவருக்குக் கண் சென்றது. ஆயின் செய்முறை வேறு, செய்தவனின் வாழ்நிலை வேறு. 1963 சனவரியில் இந்திய அரசு 14 கரட்டுக்கு மேற்பட்ட பொன்னில் புதிய நகை செய்வதைத் தடைசெய்தபோது பொற்கொல்லர் பல்லாயிரவர் தொழிலிழந்தனர், தற்கொலைகளும் நேர்ந்தன. பின்வந்த 1968ஆம் ஆண்டுப் பொன் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990 வரை நீடித்தது. பாம்படத்தின் மறைவைக் கூறப்புகும் எவரும் இவ்வரலாற்றைத் தவிர்த்தல் இயலாது.

இவ்வகையில் நமது நாட்டில் எழுந்த முன்னோடி முயற்சியொன்று நினைக்கத்தக்கது. கனிப்பொருள் அளவைப் பணிக்காக நாடெங்கும் சுற்றிய ஆனந்த குமாரசுவாமி 1908இல் 'மத்தியகாலச் சிங்களக் கலை'யை வெளியிட்டார். கண்டிப் பொற்கொல்லர் அரச பட்டறைகளில் பணியாற்றியமையையும், அதற்கீடாக நிலம் பெற்றமையையும் அதில் விரிவாக எழுதினார். அணியை நிலவுடைமை உறவோடு இணைத்துக் கண்ட அப்பார்வை இன்றைய பளபளப்பான நூல்கள் பலவற்றினும் முன்னேறியது. வில்லியம் மொறிசின் வழிவந்த அவர், 1832இல் ஒழிக்கப்பட்ட இராசகாரியத்தின் மறுபுறமான கட்டாய உழைப்பையும் சாதித் தளையையும் ஒரு பொற்காலப் புகைக்குள் மறைத்துவிட்டார் என்பதும் உண்மையே. ஆயினும் அவரிடம் தொழிலாளி இருந்தான்.

அதே காலத்தில் கொழும்பில் வேறொரு வகைச் சேகரிப்பும் நடைபெற்றது. 1890இல் தொடங்கப்பெற்ற பிளாற்றே முதலிய புகைப்பட நிறுவனங்கள் காதும் மூக்கும் கழுத்தும் நகை நிறைந்த தமிழ்ப் பெண்களின் உருவங்களை அஞ்சலட்டைகளாக அச்சிட்டு விற்றன. தேயிலைக் கொழுந்து பறிப்போரும் அவற்றுள் இடம்பெற்றனர். கங்காணியிடம் கடன்பட்டுக் கடல் கடந்து வந்த குடும்பத்தின் பெண், அட்டையில் பொன் மின்ன நிற்கிறாள். 'தமிழ்ப் பெண்' என்னும் அடிக்குறிப்பில் இனம் உண்டு. அவள் பெயரில்லை, தோட்டத்தின் பெயருமில்லை. இவ்வட்டைகளும் இன்று விலைபோகும் சேகரிப்புப் பொருள்களாகிவிட்டன. அந்நகைகள் அவளுடையனவா, படம் எடுப்பதற்காக அணிவிக்கப்பட்டனவா என்ற வினாவை, நாம் பார்த்த தொகுப்புகளில் ஒன்றேனும் எழுப்பக் காணவில்லை.