புல்லில்லாத புல்வெளி

யூரோப்பா யூனிவர்சாலிஸ் நான்காம் பாகத்தைத் திறந்தால் நம்மவர் கை முதலில் யாழ்ப்பாணத்துக்கோ கோட்டை இராச்சியத்துக்கோதான் போகும். சொந்த மண்ணை 1444 நவம்பர் 11 இல் இருந்து மறுபடி ஆண்டு பார்க்கலாம் என்ற ஆசை யாருக்குத்தான் இராது? ஆனால் அந்த விளையாட்டின் மிகத் தெளிவான சிந்தனையும் மிகப் பெரிய குறையும் இருப்பது அங்கே அல்ல. வொல்கா ஆற்றில் இருந்து மங்கோலியா வரை நீளும் புல்வெளியில், ஹோர்ட் எனப்படும் குதிரைக் கூட்டங்களின் அரசுகளில் அவை இரண்டையும் அருகருகே பார்க்கலாம்.

மற்ற முடியரசுகளுக்கு விளையாட்டில் அரசுரிமை என்றோர் அளவு உண்டு. போருக்குப் போகாமலே அதைக் காப்பாற்றலாம். ஹோர்ட்டுக்கு அந்த இடத்தில் இருப்பது கூட்டத்தின் ஒற்றுமை. 2015 டிசம்பரில் வந்த ‘கொசாக்ஸ்’ விரிவோடு இது சேர்ந்தது. ஆண்டுகள் சும்மா கழிந்தால் ஒற்றுமை தேயும். பகைவர் மண்ணைக் கொள்ளையிட்டால் ஏறும். பிடித்த மாகாணத்தைச் சூறையாடி அழித்தால் இன்னும் ஏறும். சூறையாடிய மாகாணத்தின் அபிவிருத்தி குறைந்து போகும். அதற்கு ஈடாக நிர்வாகம், இராஜதந்திரம், இராணுவம் என்ற மூவகை ஆட்சிப் புள்ளிகளும் கைக்கு வரும். அந்தப் புள்ளிகளைக் கொண்டே அடுத்த மாகாணத்தை உள்வாங்கலாம். ஒரு போர் அடுத்த போருக்குச் செலவு கொடுக்கிறது. நின்றால் அரசு உள்ளே உடைகிறது.

இதை நான் பெரிய சாதனையாகவே கருதுகிறேன். பேரரசுகள் ஏன் ஓரிடத்தில் நிற்பதில்லை என்ற கேள்விக்கு நமது பாடநூல்கள் அரசனின் பேராசையைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடும். இந்த விளையாட்டு அமைப்பைக் காட்டுகிறது. மங்கோலியக் கூட்டமான ஒய்ராத்துகளின் தலைவர் எசென் 1449 இல் தூமு என்னுமிடத்தில் சீனப் பேரரசரையே சிறைபிடித்தார். ஆனால் பெய்ஜிங்கைப் பிடிக்க முடியவில்லை. பேரரசரைக் கொண்டு எதிர்பார்த்த பேரமும் படியவில்லை. 1453 இல் தம்மையே கான் என்று அறிவித்துக்கொண்டார். அடுத்த ஓரிரு ஆண்டுகளுக்குள் கூட்டத்துக்குள்ளேயே எழுந்த கலகத்தில் வீழ்ந்து கொல்லப்பட்டார். வெற்றியின் பயன் பங்கு போடப்படாதபோது கூட்டம் கலைகிறது என்பதை ஆட்டக்காரர் பத்து நிமிடத்தில் தம் தோலில் உணர்ந்துகொள்கிறார்.

களனி கங்கை கடலில் விழும் முகத்துவாரத்தில் இருப்பவர்களுக்கு இது தூரத்துக் கதை அல்ல. 1521 இல் பிறந்த சீதாவாக்கை இராச்சியம் மாயாதுன்னையின் காலத்தில் இருந்தே போரால் வளர்ந்தது. அவன் மகன் முதலாம் இராஜசிங்கன் 1587 இல் கொழும்பை முற்றுகையிட்டான். போர்த்துக்கேயரின் கோட்டைக்கு அரணாக இருந்த ஏரியின் நீரையே வாய்க்கால் வெட்டி வடித்தான். கொழும்பு விழவில்லை. 1593 இல் அவன் இறந்தான். அவனது தளபதி ஒருவன் போர்த்துக்கேயர் பக்கம் சாய்ந்தான். ஓராண்டு கழிவதற்குள் எழுபது ஆண்டுகால இராச்சியம் இல்லாமல் போனது. சீதாவாக்கையின் வீரர்கள் வயல் உழுதவர்கள், மந்தை மேய்த்தவர்கள் அல்லர். ஆனாலும் வெற்றிகளின் மேல் கட்டிய அரசு வெற்றி நின்றதும் எப்படிச் சரியும் என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று நமக்கு வேண்டியதில்லை. ஹோர்ட்டின் ஒற்றுமை அளவு கீழே இறங்கும்போதெல்லாம் எனக்கு நினைவில் வருவது எசென் அல்ல, இராஜசிங்கன்தான்.

நிலத்தோற்றத்தையும் விளையாட்டு நியாயமாகக் கையாள்கிறது. சமவெளியில் ஹோர்ட்டின் குதிரைப்படைக்கு மேலதிக வலு. மலையிலும் காட்டிலும் அது தண்டனையாக மாறும். 1638 இல் கன்னொறுவையில் போர்த்துக்கேயப் படை கண்டியாரிடம் அழிந்த கதை தெரிந்தவருக்கு இந்த விதிக்கு விளக்கம் தேவைப்படாது.

குறை தொடங்குவது குதிரையில். ஒரு புல்வெளி வீரன் தனக்கென்று பல குதிரைகளை ஓட்டிக்கொண்டு போருக்குப் போவான். அவை அத்தனையும் மேய வேண்டும். 1242 இல் மங்கோலியர் ஹங்கேரியை விட்டுத் திரும்பியதற்கு அங்கிருந்த புல் போதாமையும் காரணம் என்று வரலாற்றாசிரியர் டெனிஸ் சினோர் வாதிட்டார். அந்த வாதத்தை மறுப்பவர்களும் உண்டு. ஆனால் மேய்ச்சலை எண்ணாமல் அந்தப் படைகளைப் பற்றிப் பேச முடியாது என்பதை எவரும் மறுப்பதில்லை. விளையாட்டிலோ குதிரைப் படையணி ஒன்றின் அடிப்படை விலை 25 டுகாட். காசிருந்தால் யாழ்ப்பாணத்திலும் வாங்கலாம், நோவ்கொரொட்டிலும் வாங்கலாம்.

காசிருந்தாலும் குதிரை நிலைக்காது என்பதைத் தமிழ்நிலம் போல் அறிந்த நாடு குறைவு. பாண்டிய அரசர்கள் ஹோர்முஸ், ஏடன் பக்கத்தில் இருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளை வாங்கியதையும், வந்தவற்றில் பெரும்பாலானவை பராமரிப்பறியாமல் செத்துப் போனதையும் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்கோ போலோ எழுதிவைத்தார். ஒல்லாந்தர் காலத்தில் நெடுந்தீவில் குதிரை வளர்த்தார்கள். மேய்ச்சல் தரையும் காவலும் தேவைப்பட்ட பெரும் வேலை அது. அந்தக் காலத்தின் வழிவந்த குதிரைகள் இன்றும் அங்கே தண்ணீருக்கு அலைகின்றன. புல்லும் நீரும் மந்தையும் இல்லாமல் ஹோர்ட்டை வரைந்ததால், அந்த மக்கள் ஏன் போருக்குப் போனார்கள் என்ற கேள்விக்கு விளையாட்டிடம் மிஞ்சியிருக்கும் பதில் அவர்களின் இயல்பே அப்படி என்பதுதான். அமைப்பை இவ்வளவு நுட்பமாகக் காட்டிய ஒரு படைப்பு, அந்த அமைப்பின் வேரை வெட்டிவிட்டது என் மனதை உறுத்துகிறது.

அதைவிட என்னைத் தொந்தரவு செய்வது சூறையாடல் கட்டளை. அது ஹோர்ட்டுகளுக்கென்றே வைக்கப்பட்டது. ஆனால் சூறையாடியவர்கள் அவர்கள் மட்டும் அல்லர். 1344 இல் இப்னு பத்தூதா இலங்கையின் தென்முனைக்கு வந்தபோது தெவிநுவரையில் வணிகர் நிறைந்த நகரத்தையும், ஆயிரம் பிராமணரும் யோகியரும் இருந்த பெருங்கோயிலையும் கண்டார். நாம் தொண்டீஸ்வரம் என்று அழைக்கும் தலம் அது. இராஜசிங்கன் கொழும்பை முற்றுகையிட்டிருந்த நேரத்தில், 1588 இல், தோமே டி சூசா தலைமையில் தெற்கே கப்பலில் போன போர்த்துக்கேயர் அந்தக் கோயிலை இடித்துக் கொளுத்தினார்கள். 1621 இல் நல்லூருக்கும் அதே கதி. இந்த விளையாட்டில் போர்த்துக்கலை எடுத்தவருக்கு அந்தக் கட்டளை கிடையாது. அவருக்கு உள்ளவை வணிகம், குடியேற்றம், மதபோதகர். 2021 இல் வந்த ‘லெவியதன்’ விரிவு தோற்றவரின் தலைநகரைக் கொள்ளையிடும் வழியை மற்ற அரசுகளுக்கும் தந்தது உண்மை. ஆனால் அங்கே பறித்த அபிவிருத்தி பறித்தவரின் தலைநகருக்குப் போய்ச் சேருகிறது. புல்வெளியார் செய்தால் அழிவு, மற்றவர் செய்தால் வளர்ச்சி! கொழும்பில் வளர்ந்த ஒருவர் இந்தப் பாகுபாட்டைக் கண்டும் காணாமல் கடந்துபோக முடியாது.

ஹோர்ட் கடைசியில் போய்ச்சேரும் இடத்தையும் விளையாட்டு முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. ஆட்டம் நீள நீளக் குதிரைக்கு மதிப்பிறங்கும், பீரங்கி ஏறும், அரசாட்சி முறையை மாற்றி நகரத்தார் போல் ஆகிவிடுவதே புத்திசாலித்தனம் என்ற நிலை வரும். 1552 இல் கசானும் 1556 இல் அஸ்த்ரகானும் ரஷ்யாவின் இவான் மன்னனிடம் விழுந்ததை நினைத்தால் இதில் உண்மை உண்டு. ஆனால் தைமூரின் பேரன் உலுக் பெக் சமர்க்கண்டில் வானாய்வகம் கட்டி 1437 இல் விண்மீன் பட்டியல் தந்ததும், மங்கோலியரின் அஞ்சல் குதிரை நிலையங்கள் ஆசியாவை இணைத்ததும் நகரத்தார் கற்றுக்கொடுத்த பாடங்கள் மட்டுமல்ல. புல்வெளி மரபுக்கு ஆளவும் தெரியும் என்பதற்கு ஹோர்ட் ஆட்டத்தில் இடமே இல்லை.

இவையெல்லாம் தவிர்க்க முடியாத குறைகள் அல்ல. இந்த விளையாட்டை உருவாக்கிய அதே பாரடொக்ஸ் நிறுவனம் 2025 ஏப்ரலில் குருசேடர் கிங்ஸ் மூன்றாம் பாகத்துக்கு வெளியிட்ட விரிவில் மந்தையே செல்வம். மேய்ச்சல் நிலம் களைக்கும், பருவம் கெடும், கூடாரம் இடம்பெயரும். அங்கே கான் போருக்குப் போவதற்குக் காரணம் இருக்கிறது. புல்வெளியைப் புரிந்துகொள்ள விரும்பும் இளையவருக்கு நான் அதைத்தான் முதலில் காட்டுவேன். போரை விட்டு இறங்க முடியாத அரசைப் புரிந்துகொள்ள யூரோப்பாவின் ஒய்ராத்தை.

விளையாட்டுக்குள் இன்னும் வராதவர்கள் பிடிபட்டவர்கள். 1571 இல் கிரிமியக் கான் தவ்லத் கிராயின் படை மொஸ்கோவை எரித்துவிட்டுத் திரும்பியபோது பெருந்தொகையான மனிதர்களைக் கட்டி இழுத்துச் சென்றது. கிரிமியக் கொள்ளையின் உண்மையான வருவாய் கஃபா துறைமுகத்தின் அடிமைச் சந்தையில்தான் இருந்தது. யூரோப்பாவின் நான்காம் பாகத்தில் அது ஆட்சிப் புள்ளியாகத் திரையில் ஏறுகிறது. 2025 நவம்பரில் வந்த ஐந்தாம் பாகம் ஒவ்வோர் இடத்தின் மக்களையும் எண்ணி வைத்திருக்கிறது. அப்படியானால் சூறையாடும் எந்த அரசுக்கும், அது புல்வெளியில் இருந்து வந்தாலும் லிஸ்பனில் இருந்து வந்தாலும், எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை பேர் எந்தச் சந்தைக்குப் போனார்கள் என்று திரை சொல்ல வேண்டும்.