கிரிக்கெட் 07: எட்டுத் திசையும் இரண்டு குச்சியும்

கம்ப்யூட்டரில் விளையாடுவது உசத்தியா, கன்சோலா என்ற சண்டை இணையத்தில் ஓயாமல் நடக்கிறது. கிராபிக்ஸ், விலை, பிரேம் ரேட் என்று எல்லாம் பேசுவார்கள். ஆடும்போது கை என்ன செய்கிறது என்று பேசுபவர்கள் குறைவு. அதைப் பேசுவதற்குத் தோதான ஆட்டம் ஒன்று நம்மிடம் இருக்கிறது: இ.ஏ. ஸ்போர்ட்ஸ் 2006 நவம்பரில் வெளியிட்ட கிரிக்கெட் 07. கனடாவின் எச்.பி. ஸ்டுடியோஸ் உருவாக்கியது. விண்டோஸ், பிளேஸ்டேஷன் 2 இரண்டிலும் வந்தது. ஆட்டம் ஒன்று, பிடி இரண்டு. ஒப்பிட்டுப் பார்க்க வசதி.

நான் இருக்கும் அம்பத்தூர், ஆவடி பக்கம் இதை பிஎஸ்2-ல் ஆடியவர்களைத் தேடித்தான் பிடிக்கணும். காரணம் சிம்பிள். கம்ப்யூட்டர் "பையன் படிப்புக்கு" என்று சொல்லி வீட்டுக்குள் வந்துவிட்டது. கன்சோல் விளையாட்டுக்கு மட்டுமேயான பெட்டி. அதற்குக் காசு கேட்டால் வீட்டில் என்ன பதில் வரும் என்று தெரியும். ஆக, இந்தப் பக்கத்துப் பையன்கள் கவர் டிரைவ் பழகியது கீபோர்டில்.

கீபோர்டு பட்டனுக்கு இரண்டே நிலை: அழுத்தியிருக்கு, இல்லை. அம்புக்குறி நான்கு, இரண்டைச் சேர்த்து அழுத்தினால் மூலைகள். மொத்தம் எட்டுத் திசை, அவ்வளவுதான். ஷாட்டுக்குத் தனி எழுத்துப் பட்டன்கள். பிஎஸ்2 கன்ட்ரோலரின் குச்சி வேறு ஜாதி. அதன் அடியில் இரண்டு பொட்டன்ஷியோமீட்டர்கள் உண்டு. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை ஒரு எண்ணைத் தரும். இதை நம்பித்தான் இ.ஏ. 'செஞ்சுரி ஸ்டிக்' என்ற முறையைக் கொண்டு வந்தது: இடது குச்சி கால், வலது குச்சி மட்டை.

காகிதத்தில் பார்த்தால் குச்சிதான் கிரிக்கெட்டுக்கு நெருக்கம். காலை முதலில் நகர்த்து, பிறகு மட்டையை வீசு என்று எந்தக் கோச்சும் சொல்வதை அது இரண்டு கட்டைவிரலுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. கொஞ்சம் கோணம் தப்பினால் பந்து பீல்டர் கைக்குப் போகும். தப்பு நம்முடையது என்று விரலுக்கே தெரியும்.

கீபோர்டில் அந்தச் சுகம் இல்லை. ஆனால் அங்கே வேறொன்று நடக்கிறது. எட்டுத் திசைதான் என்றதும், பந்து வருவதற்கு முன்பே பீல்டைப் படித்து, எந்தத் திசையில் இடைவெளி என்று முடிவு செய்துவிடுகிறோம். மிச்சம் இருப்பது ஒரே வேலை, நேரம். 140 கிலோமீட்டர் வேகப் பந்து நிஜத்தில் அரை வினாடிக்குள் மட்டைக்கு வந்துவிடும். அந்த அவகாசத்தில் குச்சிக்காரன் கோணத்தையும் நேரத்தையும் சேர்த்துச் சமாளிக்கிறான், கீபோர்டுக்காரன் காத்திருக்கிறான்.

என் தீர்ப்பு: குச்சியில் பேட்டிங்கின் உடம்பு இருக்கிறது, கீபோர்டில் அதன் மூளை இருக்கிறது. ஆனால் கீபோர்டின் குறையும் அங்கேயேதான். விடை எட்டுக்குள் இருப்பதால், எந்தப் பந்துக்கு எந்தத் திசை சிக்ஸர் என்று ஒரு வாரத்தில் மனப்பாடம் ஆகிவிடும். 20 ஓவரில் 300 அடித்த கதை இந்த ஆட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அது ஆட்டமல்ல, வாய்ப்பாடு.

இன்னொரு குறை வன்பொருளில். மலிவான கீபோர்டில் ஒவ்வொரு பட்டனுக்கும் தனி ஒயர் கிடையாது. வரிசை, நெடுவரிசை என்று ஒரு கட்டம். சில மூன்று பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால் கட்டத்தின் நான்காவது மூலையும் அழுத்தப்பட்டதுபோலத் தெரியும். அந்தக் குழப்பத்தைத் தவிர்க்க, உள்ளே இருக்கும் சிப் மூன்றாவது பட்டனையே கண்டுகொள்ளாது. ஒரே கீபோர்டில் இரண்டு பேர் எந்த ஆட்டம் ஆடினாலும் "நான் அமுக்கினேன்டா, வேலை செய்யல" என்ற சண்டை வருவது இதனால்தான். பாதி நேரம் அவன் சொல்வது உண்மை. கன்சோலில் ஆளுக்கொரு கன்ட்ரோலர், ஆளுக்கொரு ஒயர். இந்தப் பஞ்சாயத்தே இல்லை.

அப்படியென்றால் கன்சோலே ஜெயித்ததா? இல்லை. கிரிக்கெட் 07-ல் இந்திய அணிக்கு உரிமம் கிடையாது; வீரர்களுக்குப் பொய்ப் பெயர்கள். பிஎஸ்2-ல் அந்தப் பொய் வட்டோடு பூட்டிக் கிடந்தது. நகல் வட்டு ஓட வேண்டுமென்றாலே மெஷினைத் திறந்து சிப் வைக்கணும். கம்ப்யூட்டரில் ஆட்டம் ஒரு ஃபோல்டர். ரசிகர்கள் அதற்குள் போய்ப் பெயரை மாற்றினார்கள், சட்டையை மாற்றினார்கள், மைதானம் சேர்த்தார்கள். 2008-ல் ஐ.பி.எல். தொடங்கியதும் அதையும் ஏற்றிவிட்டார்கள். இ.ஏ. கைவிட்ட பிறகும் ஆட்டம் உயிரோடு இருந்தது இந்த பேட்ச்களால்தான். கட்டுப்பாடு என்பது கையில் என்ன பிடித்திருக்கிறோம் என்பது மட்டுமல்ல. ஆட்டத்தை யார் திருத்தலாம் என்பதும் அதில் சேர்த்தி.

பிறகு வந்தவை குச்சிப் பக்கம் சாய்ந்தன. 2014-ல் ஆஸ்திரேலியாவின் பிக் ஆன்ட் ஸ்டுடியோஸ் செய்த டான் பிராட்மேன் கிரிக்கெட் 14, கிரிக்கெட்டாகப் பார்த்தால் எவ்வளவோ மேல். ஆனால் கம்ப்யூட்டரில் ஆடவும் கேம்பேட் கட்டாயம். படிப்புக்கு வாங்கிய லேப்டாப் மட்டும் வைத்திருந்த பையன் வெளியே நின்றான். அவனைப் பிடித்துக்கொண்டது போன். சென்னையின் நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியா செய்த வேர்ல்டு கிரிக்கெட் சாம்பியன்ஷிப் வரிசை இன்று அவன் சட்டைப் பையில் இருக்கிறது. அதில் பட்டனும் இல்லை, குச்சியும் இல்லை, வெறும் கண்ணாடி. விரலுக்கு எந்தப் பிடிப்பும் கிடைக்காது. போதாக்குறைக்குக் கட்டைவிரலே பாதித் திரையை மறைக்கும். ஆனால் தனியாக எதுவும் வாங்கத் தேவையில்லை.

நல்ல கிரிக்கெட் வேண்டுமென்றால் கேம்பேட் வாங்குங்கள், ரிச்சி தெருவில் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் அந்த ஆட்டத்தை நீங்கள் பிரித்துத் திருத்த முடியுமா என்றும் பாருங்கள். 2006-ன் ஆட்டம் இத்தனை வருஷம் தாக்குப்பிடித்தது அதன் பேட்டிங்கால் அல்ல.