வாசலில் ஒரு கண்

எங்கள் வீட்டு வாசலுக்கு நானே காமிரா மாட்டினேன். முதல் வாரமே இரவில் படம் வெளுத்துப் போயிற்று. காமிராவின் முகத்தில் சிலந்தி வலை; காமிரா வீசும் அகச்சிவப்பு ஒளி அதில் பட்டுத் திரும்பியிருக்கிறது. துடைத்தேன், சரியாயிற்று.

மறுநாள் காலைப் பதிவில், வீட்டு வேலை செய்யும் அம்மாள் கேட்டுக்கு வெளியே ஐந்து நிமிஷம் நின்றாள். எதை நோட்டம் விடுகிறாள் என்று சந்தேகப்பட்டேன். துடைக்க வேண்டிய வலை இன்னொன்று இருந்தது. முந்தின நாள் நான் எரிந்து விழுந்திருந்தேன். உள்ளே வர அவளுக்குத் தயக்கம்.

மிக்கேல் ஹானெக்கேயின் 'காஷே' (2005) என்ற பிரெஞ்சுப் படத்தின் கதையும் இதுதான். பாரிஸில் ஒரு வீட்டு முகப்பை யாரோ படம் பிடித்து, அந்த வீட்டுக்கே அனுப்புகிறார்கள். பதிவில் குற்றம் எதுவுமில்லை. ஆனால் வீட்டுக்காரன் ஜார்ஜுக்குப் பழைய பாவம் ஒன்று உறுத்துகிறது. ஆறு வயதில் பொய் சொல்லி, மஜீத் என்ற அல்ஜீரியச் சிறுவனை வீட்டைவிட்டு அனுப்ப வைத்தவன் அவன். மஜீதின் பெற்றோர் 1961 அக்டோபர் 17-ல், பாரிஸ் போலீஸார் அல்ஜீரியர் ஊர்வலத்தை ஒடுக்கியபோது மறைந்தவர்கள்.

படம் பிடித்தது யார் என்று ஹானெக்கே சொல்வதில்லை. அது ரசிகரை ஏமாற்றுவதல்ல. ஆளைக் காட்டியிருந்தால் ஜார்ஜோடு நாமும் தப்பித்திருப்போம்.

எனக்குள்ள குறை வேறு. மஜீத் ஜார்ஜின் கண்ணெதிரே கழுத்தை அறுத்துக்கொண்டு சாகிறான். இடையில் அவன் வாழ்ந்த வாழ்க்கையைப் படம் எட்டிப் பார்ப்பதில்லை. ஜார்ஜின் மனசாட்சிக்காகவே அவன் பிறந்தது போலிருக்கிறது.

இதை அழுத்திச் சொல்ல எனக்கு வாய் எழவில்லை. அந்த அம்மாள் நின்ற காரணத்தை நான் கேட்கவில்லை. என் மனைவிதான் கேட்டுச் சொன்னாள்.