ஊரிலிருந்து எழும் ‘நான்’: தமிழ்த் தன்வரலாறுகள் சில

தமிழில் தன் கதையைச் சொல்ல வருபவர் பலர் முதலில் ஊரின் கதையைத்தான் சொல்கிறார்கள். உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ உத்தமதானபுரத்தில் தொடங்குகிறது. அரை நூற்றாண்டு கழித்து வந்த பாமாவின் ‘கருக்கு’ம் (1992) ஊரின் அழகைச் சொல்லியே தொடங்குகிறது. ஆனால் இரண்டு ஊர்களும் உருவாக்கும் ‘நான்’கள் வேறு வேறு.

1940 ஜனவரியில் ‘ஆனந்த விகடன்’ தொடரை ஆரம்பித்தபோது உ.வே.சா. 85ஐ நெருங்கிக்கொண்டிருந்தார். ஏகாதசியன்று மறந்து தாம்பூலம் தரித்த தஞ்சை அரசர் பரிகாரமாக உண்டாக்கிய அக்கிரகாரம் என்று ஊரின் பழங்கதையைச் சொல்கிறார். ஊர் அவருக்குப் பிதுரார்ஜிதம். அடுத்த சொத்து ஆசிரியரிடமிருந்து வருகிறது. வேங்கடராமன் என்ற மாணவர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் விருப்பப்படி சாமிநாதன் ஆகிறார். 1880இல் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார், இவர் படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் ஒதுக்கிவிட்டுச் சீவக சிந்தாமணியைப் பற்றிக் கேட்கிறார். அந்தக் கேள்வியின் முழுக் கனமும் அன்றே தெரிந்திருக்க வழியில்லை. 1887இல் சிந்தாமணியும் பின்னர் சங்க நூல்களும் பதிப்பாகி வந்த பிறகுதான் அது வாழ்வின் திருப்பமாக நிலைபெறுகிறது. முதுமையில் நின்று பார்க்கும் பதிப்பாசிரியர், இளைஞனின் நாட்களையும் பதிப்பித்திருக்கிறார்.

பாமாவின் ஊரில் தபால் நிலையமும் பெரிய கடைகளும் பள்ளிக்கூடங்களும் மேல்சாதியார் தெருக்களில் இருக்கின்றன. மூன்றாம் வகுப்புச் சிறுமி, ஒரு பெரியவர் பலகாரப் பொட்டலத்தைக் கைபடாமல் நூலில் தூக்கிப்போவதைப் பார்த்துச் சிரிக்கிறாள். வீட்டில் அண்ணன், தீண்டாமையே காரணம் என்று விளக்கியதும் சிரிப்பு கோபமாகிறது. காட்சி மாறவில்லை, அதைப் பார்த்தவள் மாறிவிட்டாள். பாமா, தான் துறவியாக இருந்த கன்னியர் மடத்தைவிட்டு வெளியேறிய பிறகு எழுதியதால், நூலில் அந்தச் சிறுமியோடு துறவியின் ஏமாற்றமும் சேர்ந்து பேசுகிறது. பாமாவின் அண்ணன் ராஜ் கௌதமன், அதே குடும்பப் பின்னணியிலிருந்து ‘சிலுவைராஜ் சரித்திரம்’ (2002) நாவலை எழுதினார். அவர் தன்னைப் படர்க்கையில் நிறுத்தி, எள்ளலோடு பார்த்தார். ஒரே வீட்டுப் பிள்ளைகளின் பழைய நாட்கள் இரண்டு தொனிகளில் இரண்டு ஆளுமைகளாகின்றன.

கே.ஏ. குணசேகரனின் ‘வடு’ (2005) இதற்கு இன்னொரு பக்கம் காட்டுகிறது. இளையான்குடி முஸ்லிம்களிடையே அவ்வளவாக உறுத்தாத சாதி, சுற்றுவட்டக் கிராமங்களுக்குப் போகும்போது அந்தச் சிறுவனை மறித்து நிற்கிறது. நடக்கும் தெருவுக்கு ஏற்ப அவன் வேறு ஆளாக்கப்படுகிறான். லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான் வித்யா’விலும் ஆ. ரேவதியின் ‘வெள்ளை மொழி’யிலும், ஆண்பிள்ளை என்று வளர்க்கப்பட்ட காலம் முழுவதும் ஒரு பெண்ணின் பால்யமாக மீட்டு வாசிக்கப்படுகிறது. விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியல் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த தமிழினியின் ‘ஒரு கூர்வாளின் நிழலில்’, அவர் மறைந்த மறு ஆண்டு, 2016இல் வெளிவந்தது. போராளியான தன்னை, தோல்விக்கும் சிறைக்கும் பின் வந்த தான் விசாரிக்கும் நூல் அது.

நினைவு என்பது சேமிப்பன்று, ஒவ்வொரு முறையும் கட்டியெழுப்பப்படுவது என்று உளவியலாளர் பார்ட்லெட் 1932இல் எழுதினார். அதற்கும் முன்பே, 1925இல், நாம் சார்ந்த கூட்டத்தின் சட்டகத்துக்குள்தான் நினைக்கிறோம் என்றார் சமூகவியலாளர் ஆல்ப்வாக்ஸ். இந்தத் தன்வரலாறுகள் அவ்விரு கருத்துகளையும் உறுதிப்படுத்துகின்றன. உ.வே.சா.வுக்குக் குருபரம்பரை, பாமாவுக்குச் சேரிச் சனம், ரேவதிக்குத் திருநங்கையர் சமூகம்: ஒவ்வொருவரும் ஒரு கூட்டத்தில் நின்றே ‘நான்’ என்கிறார்கள். தான் சார்ந்த கூட்டத்தைவிட்டு விலகியவர் தமிழினி. அவர் நூலின் வலியும் அதுதான்.

தன்வரலாற்றை எடுத்தால் ‘இதெல்லாம் நடந்ததா?’ என்று கேட்பது நம் வழக்கம். அந்தக் கேள்வி தேவையானதுதான். ஆனால் ஒருவருடைய சுயத்தை அறிய, அவர் யாரோடு நின்று திரும்பிப் பார்க்கிறார் என்பதைக் கேட்க வேண்டும். நிற்கும் இடம் மாறினால் அதே இளமை வேறொருவருடையதாகிவிடும்.