'ஒண்ணுமே பாக்கல': கார்க் கண்ணாடிக்குள்ளிருந்து காட்டை வாசித்தல்

1

குடும்பத்தோடு காட்டுக்குப் போய்வந்த கதை தமிழில் ஒரு தனி வகைமையாகவே நிலைபெற்றுவிட்டது. வாரப் பத்திரிகையின் பயணப் பக்கம், சுற்றுலா மலர், ஒளிப்படத் தொகுப்பு என்று எங்கும் அதைப் பார்க்கலாம். அதன் உச்ச வடிவம் தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்கா. அங்கே வாடகைக் காரை நாமே ஓட்டிக்கொண்டு காட்டுக்குள் போகலாம். தார்ச் சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர், மண் சாலையில் 40; குறித்த இடங்கள் தவிர வேறெங்கும் இறங்கக் கூடாது; வாசல் மூடுவதற்குள் திரும்பிவிட வேண்டும். அப்பா ஓட்டுகிறார், அம்மா வரைபடம் பார்க்கிறார், பிள்ளைகள் பட்டியலில் 'டிக்' அடிக்கிறார்கள். கதையாடலுக்குள் குடும்பம் தன் அதிகார அடுக்கோடு பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது.

அந்தப் பட்டியலைக் கொஞ்சம் கவனிப்போம். சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை - 'பெரிய ஐந்து'. நடந்து போய் வேட்டையாட மிகக் கடினமானவை என்று வெள்ளை வேட்டைக்காரர்கள் வகுத்துக்கொண்ட பட்டியல் இது. துப்பாக்கி போய்க் கேமரா வந்தாயிற்று. பட்டியல் அப்படியே இருக்கிறது.

இன்னொரு சொல்: ஸ்குகூஸா. பூங்காவின் மிகப் பெரிய முகாமின் பெயர். பயணப் பிரதிகளில் இது காதுக்கு விநோதமான ஓர் ஆப்பிரிக்கச் சொல்லாக மட்டும் வந்துபோகும். 1902இல் அந்தக் காப்புக்காட்டுக்குப் பொறுப்பேற்ற ஸ்டீவன்சன்-ஹாமில்டன் என்ற அதிகாரிக்கு அங்கிருந்த மக்கள் வைத்த பட்டப்பெயர் அது. 'பெருக்கித் தள்ளுபவன்' என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். பெருக்கப்பட்டவற்றில் அந்த மக்களின் குடியிருப்புகளும் அடக்கம். 1926இல் தேசியப் பூங்கா உருவானது. 1969இல் வடக்கே பஃபூரியிலிருந்து மகுலேகே மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு, 1998இல்தான் அந்த நிலத்தின் உரிமை அவர்களிடம் திரும்பியது. ஆக, காருக்கு முன்னால் விரியும் 'மனிதக் கைபடாத' காடு, மனிதர்களை அகற்றித் தயாரிக்கப்பட்ட ஒரு பிரதி. பயணி அதை இயற்கை என்று வாசிக்கிறார்.

2

க்ரூகர் போக வசதியில்லாதவர்களுக்கு ஒகேனக்கல் இருக்கிறது. பென்னாகரம் தாண்டிச் சாலை இறங்கத் தொடங்கினால் இருபுறமும் காடு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளைச் சேர்த்து 2014இல் காவிரி வடக்கு காட்டுயிர்ச் சரணாலயமும், 2022இல் சுமார் 686 சதுர கிலோமீட்டரில் காவிரி தெற்கு சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. கோடையில் யானைகள் தண்ணீர் தேடிக் காவிரிக்கு இறங்கும். விடுமுறை நாட்களில் பெங்களூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் கார்கள் இறங்கும். எண்ணெய்க் குளியல், மீன் வறுவல், பரிசல் எல்லாம் முடிந்து திரும்பும்போது வீட்டில் கேட்பார்கள்: 'யானை எதுனா பாத்தீங்களா?' பதில்: 'எங்க... ஒண்ணுமே பாக்கல.'

இந்த 'ஒண்ணுமே பாக்கல' என்னும் வாக்கியத்தைத்தான் நான் பிரதியாக எடுத்துக்கொள்கிறேன். சாலையோரம் ஆடு ஓட்டிப்போனவர் இருந்தார். விறகுக் கட்டோடு ஒரு பெண் ஒதுங்கி நின்றார். பரிசல்காரர் ஒருமணி நேரம் துடுப்புப் போட்டார். இவையெல்லாம் 'ஒண்ணுமே' என்ற சொல்லுக்குள் போய் மறைகின்றன. ரோலன் பார்த் 1957இல் வெளியான 'தொன்மவியல்கள்' நூலில் 'நீல வழிகாட்டி' என்னும் பயணக் கையேட்டை ஆராய்ந்தார். அந்தக் கையேட்டுக்கு மலையும் தேவாலயமும் தெரியும். அங்கே வாழும் மனிதர்கள் மாதிரி வார்ப்புகளாக மட்டுமே தெரிவார்கள் என்பது அவர் வாதம். நம்மூர்க் காட்டுலாப் பிரதியில் அந்த வார்ப்புகூட இல்லை.

காரில் வருகிற குடும்பத்தைத் திட்டுவது சுலபம். மாசம் பூரா உழைச்சு ஒருநாள் வர்றவங்க அவங்க. அவர்களை வில்லனாக்கி என்ன ஆகப்போகிறது? பிரச்சினை அந்த ஆட்களிடம் இல்லை, அவர்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் பார்வைச் சட்டகத்தில் இருக்கிறது. கண்ணாடிக்கு உள்ளே இருப்பவர் பார்ப்பவர். வெளியே இருப்பது காட்சி. காட்சிக்கு வாய் கிடையாது.

3

இதே மண்ணில் வேறொரு பார்வைமுறை கல்லில் கிடக்கிறது. தருமபுரி வட்டாரம் நடுகற்களுக்குப் பேர்போனது. அவற்றில் புலிகுத்திக் கற்கள் ஒரு வகை. மாட்டைக் காக்கவோ ஊரைக் காக்கவோ புலியோடு பொருது செத்தவனுக்கு எடுத்தவை. அங்கே விலங்கும் மனிதனும் ஒரே சட்டகத்துக்குள் நிற்கிறார்கள். எழுத்துள்ள கற்களில் செத்தவனுக்குப் பெயரும் இடமும் இருக்கும். பார்ப்பதற்கு ஒரு விலை இருந்தது என்பதைக் கல் சொல்கிறது. தொல்காப்பியம் கருப்பொருளை வகுக்கும்போதும் விலங்கு, மரம், பறவை இவற்றோடு உணவையும் தொழிலையும் தெய்வத்தையும் ஒரே வரிசையில் வைக்கிறது.

உடனே 'பார்த்தீர்களா, தமிழன் அன்றே சூழலியல்வாதி' என்று கிளம்பிவிட வேண்டாம். நடுகல் வீரத்தைக் கொண்டாடும் கல். மாடு யாருடையது, காவலுக்கு நின்றவன் யார் என்ற கேள்விகளை அது மூடி மறைக்கவும் செய்கிறது. செத்த புலியின் பக்கத்து நியாயமும் அதில் இல்லை. நான் சொல்வது இவ்வளவுதான்: விலங்கை மனிதரிலிருந்து பிரித்தெடுத்துக் காட்டும் சட்டகம் இயல்பானது அல்ல; அது வரலாற்றில் உருவாக்கப்பட்டது.

4

பெருக்கித் தள்ளும் அதிகாரம் எப்படி வேலை செய்யும் என்பதை அறிய இந்த மாவட்டத்துக்காரர்கள் ஆப்பிரிக்கா போகத் தேவையில்லை. 1992 ஜூன் 20 அன்று அரூர் வட்டம் வாச்சாத்திக்குள் சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் புகுந்தன. வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டார்கள். 19 ஆண்டுகள் கழித்து, 2011 செப்டம்பர் 29 அன்று, தருமபுரி நீதிமன்றம் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. அவர்களில் 126 பேர் வனத்துறையினர். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. காட்டைக் காப்பது என்ற சொல்லாடலின் பெயரால் இது நடந்தது என்பதை மறந்துவிட்டு இங்கே ஒருவர் காட்டைப் பற்றி அழகாக எழுத முடியும் என்றால், அந்த அழகைச் சந்தேகிக்க வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. 2023 மார்ச் 7 அன்று மாரண்டஅள்ளி அருகே ஒரு நிலத்தில் சட்டவிரோதமாகப் போட்ட மின்வேலியில் மூன்று பெண் யானைகள் செத்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் தப்பின. அதே மாதம் 18ஆம் தேதி கம்பைநல்லூர் அருகே தாழ்வான மின்கம்பியில் உரசி ஓர் ஆண் யானை செத்தது. இடையில் மார்ச் 13 அன்று முதுமலை யானைப் பராமரிப்பாளர்கள் பொம்மன், பெள்ளி பற்றிய 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. பென்னாகரம் பக்கம் கூட்டத்தைப் பிரிந்த ஒரு குட்டி அவர்களிடம் கொண்டுபோய் ஒப்படைக்கப்பட்டு, அந்த மாதக் கடைசியில் செத்தும் போனது. திரையில் பார்த்த யானைக்கு உலகமே கண்கலங்கியது. கடன்பட்டுப் பயிர் வைத்தவனின் பயத்தையும், பட்டா நிலத்துக்கும் காட்டுக்கும் இடையே கோடு தெரியாத யானையின் வழித்தடத்தையும் ஒருசேரப் பார்க்கும் சட்டகம் நம் பக்கங்களில் எத்தனை இருந்தது?

5

இங்கே நம் தோழர்களிடமும் ஒன்று சொல்லியாக வேண்டும். சுற்றுலாப் பிரதிக்கு எதிர்வினையாக நாம் எழுதுவது பெரும்பாலும் அதன் தலைகீழ் வடிவம்தான். அவர்கள் மனிதரை அழித்துவிட்டு யானையை எழுதினால், நாம் யானையை அழித்துவிட்டு மனிதரை எழுதுகிறோம். 'யானையா, விவசாயியா' என்ற இருமை எதிர்வு யாருக்குச் சாதகம்? மின்கம்பியைத் தாழ்வாகத் தொங்கவிட்டவருக்கும், வழித்தடத்தில் விடுதி கட்டுபவருக்கும், 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி வந்த மனுக்களைக் கிடப்பில் போடும் அலுவலகத்துக்கும் சாதகம். இந்த எதிர்வு தவிர்க்க முடியாததும் அல்ல. நிலம் கைக்கு வந்த பிறகும் மகுலேகே மக்கள் அங்கே மறுபடி குடியேறவில்லை. காட்டுயிர்களுக்கே விட்டு, அதன் வருமானத்தைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். அந்த முடிவை அவர்களே எடுத்தார்கள் என்பதுதான் விஷயம். ஸ்குகூஸா எடுக்கவில்லை.

காட்டுலா எழுத்தை நிராகரிப்பது நம் வேலையல்ல. குடும்பங்கள் வரட்டும், எழுதவும் எழுதட்டும். ஆனால் ஒகேனக்கல் சாலையைப் பற்றி எழுதுகிறவர் ஒரு தடவையாவது காரை நிறுத்திவிட்டுப் பென்னாகரத்து டீக்கடையில் உட்கார்ந்து, ராத்திரி காவலுக்குப் போகிறவரிடம் பேச்சுக் கொடுக்க வேண்டும். 'யானை எங்க வருது?' என்று மட்டும் கேட்காமல், 'அது வந்தா நீங்க என்ன பண்றீங்க? வனத்துறைக்காரங்க என்ன சொல்றாங்க? மோட்டார் கடன் எவ்வளவு?' என்றும் கேட்கட்டும். அப்படிக் கேட்டு எழுதப்படும் பிரதியில் யானை ஒன்றுகூட வராமல் போகலாம். அப்போதும் அதை எழுதியவர் 'ஒண்ணுமே பாக்கல' என்று சொல்ல மாட்டார்.